ஈயத்தில் எழுந்த தமிழ்
(சீகன்பால்கு ஐயரின் வாழ்வும் தமிழ் அச்செழுத்தும்)

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

நாள்தோறும் நாம் எத்தனையோ எழுத்துகளைக் காண்கிறோம். பேருந்தின் நெற்றியில் ஊர்ப் பெயர், கடைப் பலகையில் கடைப் பெயர், பாடநூலில் பாடம், கைபேசியில் செய்தி. ஆனால், எழுத்தை நாம் படிக்கிறோமே தவிர, பார்ப்பதில்லை. படித்து முடித்ததும் பொருள் மனத்தில் நிற்கிறது; எழுத்தின் உருவம் மறைந்துவிடுகிறது. அந்த உருவத்தையும் யாரோ நினைத்து, யாரோ செதுக்கி, யாரோ வார்த்துத்தான் நமக்குத் தந்தார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

என்னை எண்ணிப் பார்க்க வைத்தவர் என் தந்தை. நாங்கள் திருவேற்காட்டில் வசிப்பவர்கள். ஆடி மாதம் பிறந்துவிட்டால் கருமாரியம்மனைக் காண வரும் கூட்டத்தால் எங்கள் ஊர்த் தெருக்கள் நிரம்பிவிடும். அப்பொழுது சுற்றுப்புறத்துச் சிறு அம்மன் கோயில்களிலும் கூழ் வார்ப்பார்கள். அந்த விழா நோட்டீசுகளை அச்சுக்கோத்துக் கொடுத்தவர்களுள் என் தந்தையும் ஒருவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, ஒரு சிறிய அச்சகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு கம்பாசிட்டர் ஆனவர் அவர். ஈய எழுத்துக்கு வேலையில்லாமல் போனபோது, அந்த அச்சகத்தில் எழுத்துகளை எடை போட்டு விற்றுவிட்டார்கள். அவற்றில் ஒரு கைப்பிடி மட்டும் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இன்றும் இருக்கிறது.

நான் வேதியியல் வகுப்பில் சேர்ந்த புதிதில், தந்தையார் அந்தப் பாட்டிலை எடுத்து வந்து, இது என்ன உலோகம் என்று சொல் பார்ப்போம் என்றார். பெரும்பங்கு ஈயம், அதோடு ஆண்டிமனி, கொஞ்சம் வெள்ளீயம் என்று விடை சொன்னேன். ஈயம் மட்டும் இருந்தால் மென்மையாக இருக்கும், அழுத்தினால் நசுங்கும். ஆண்டிமனி சேர்ந்தால் கடினமாகும். பெரும்பாலான உலோகங்கள் குளிரும்போது நன்றாகச் சுருங்கும், இந்தக் கலவையோ மிகக் குறைவாகவே சுருங்குவதால் அச்சின் நுண்ணிய வளைவுகள் கூடப் பிசகாமல் பதியும் என்றும் விளக்கினேன். அவர் மகிழ்ந்தார். பிறகு ஒரு ‘ண’கரத்தைக் கையில் எடுத்து, இந்த மூன்று சுழியையும் இப்படித்தான் ஈயத்தில் வார்க்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்தது யார் என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

அந்தக் கேள்விதான் என்னை நம் கல்லூரி நூலகத்திற்கு அனுப்பியது. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர்தாம் பார்த்தலோமேயு சீகன்பால்கு ஐயர். அவரைச் சமயத் தொண்டராகப் பலர் அறிவார்கள். தமிழ் எழுத்துக்காக உழைத்தவராக அவரைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் பயணமும்

சீகன்பால்கு 1682ஆம் ஆண்டு ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளம் வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். உடல்நலமும் அவருக்கு வாய்க்கவில்லை. அடிக்கடி நோயுற்றுப் படிப்பை இடையிடையே நிறுத்த நேர்ந்தது. ஆயினும் ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பிராங்கே என்னும் பேராசிரியரின் அன்புக்கு உரியவரானார். பிராங்கே அந்நகரில் ஆதரவற்ற குழந்தைகளுக்காக ஒரு பெரிய இல்லத்தை நடத்தி வந்தார். அவ்வில்லத்தோடு பள்ளியும் மருந்தகமும் அச்சகமும் இணைந்திருந்தன. இந்த அச்சகத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழுக்கு அங்கே பின்னால் வேலை இருந்தது.

அந்நாளில் தஞ்சை மன்னரிடமிருந்து 1620இல் பெற்ற தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டி வணிகம் செய்துவந்தனர். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக், அங்கே சமயப் பணி புரிய ஆள் தேடினார். சீகன்பால்கும் புளூச்சோ என்னும் நண்பரும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1705 நவம்பரில் கப்பலேறி, 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். அப்போது சீகன்பால்குக்கு ஏறத்தாழ இருபத்து நான்கு வயது. நம் முதுகலை மாணவர்களைவிட ஓரிரு வயது மூத்தவர், அவ்வளவே!

மணலில் எழுதிய எழுத்து

வந்த இடத்தில் மொழி தெரியாது. கோட்டையில் இருந்தவர்களோ வணிகத்திற்குப் போர்த்துகீசிய மொழியே போதும் என்று இருந்தார்கள். ஊர் மக்களின் மொழியைக் கற்காமல் அவர்களோடு எப்படிப் பேசுவது என்று சீகன்பால்கு எண்ணினார். வயது முதிர்ந்த ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரை அணுகினார். அவருடைய மாணவர்களோடு தாமும் தரையில் அமர்ந்து, சிறு பிள்ளைகளைப் போலவே விரலால் மணலில் எழுதித் தமிழ் கற்றார்.

அரசரால் அனுப்பப்பட்ட ஒருவர், பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவர், அரிச்சுவடிப் பிள்ளைகளோடு மணலில் அமர்ந்தார் என்பது சிறிய செய்தி அன்று. என் குடும்பத்தில் கல்லூரிக்கு முதலில் வந்தவன் நான். முதல் நாள் ஆங்கில வகுப்பில் வாய் திறக்க எனக்கிருந்த கூச்சத்தை நினைத்துப் பார்க்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு தரையில் உட்காரும் துணிவு எல்லோருக்கும் வருவதில்லை.

அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளரும் அவருக்குத் துணையானார். பன்மொழி அறிந்த அவருடன் பேசிப் பேசியே சீகன்பால்கு பேச்சுத் தமிழில் தேர்ந்தார். பிறகு ஓலைச் சுவடிகளைத் தேடத் தொடங்கினார். மறைந்த புலவர்களின் குடும்பத்தாரிடமிருந்து சுவடிகளை விலைக்கு வாங்கினார். கிடைக்காதவற்றை ஆள் வைத்துப் படியெடுத்தார். 1708இல் தாம் திரட்டிய 119 தமிழ் நூல்களுக்கு ஒவ்வொன்றாகக் குறிப்பெழுதி ஒரு பட்டியல் தயாரித்தார். அதில் திருக்குறளும் இடம்பெற்றது. நீதி வெண்பா, உலக நீதி, கொன்றை வேந்தன் ஆகியவற்றை அதே ஆண்டில் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

ஓலையும் பேனாவும்

இவ்விடத்தில் எழுத்தின் குணத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். எழுதும் கருவியே எழுத்துக்கு உருவம் தருகிறது.

ஆங்கிலப் பாடநூல் ஒன்றை எடுத்து உற்றுப் பாருங்கள். எழுத்தின் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். கோடு முடியும் இடத்தில் சிறிய பாதம் ஒன்று வைத்திருக்கும். தட்டையான பேனாமுனையைச் சாய்த்துப் பிடித்து எழுதினால் ஒரு திசையில் கோடு தடிக்கும், மறு திசையில் மெலியும். பழைய ரோமானியக் கல்வெட்டுகளின் எழுத்திலும் அந்தப் பாதம் உண்டு. பின்னாளில் அவ்வெழுத்துகளை உலோகத்தில் வார்த்தபோதும் கையின் அடையாளத்தை விட்டுவிடவில்லை. இரும்பிலும் ஈயத்திலும் பிறந்த எழுத்து, தான் ஒரு காலத்தில் பேனாவால் எழுதப்பட்டதை மறக்காமல் இருக்கிறது. அந்தத் தடிப்பும் மெலிவும்தான் நீண்ட வரிகளைக் கண் சோராமல் படிக்கத் துணை செய்கின்றன என்பர்.

தமிழின் கதை வேறு. நம் முன்னோர் பேனாவால் எழுதவில்லை. எழுத்தாணியால் ஓலையில் கீறினார்கள். கீறிய கோட்டில் தடிப்பும் இல்லை, மெலிவும் இல்லை. எங்கும் ஒரே அளவு. ஓலையின் நரம்போடு நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியும் என்பதால் எழுத்துகள் வளைந்து உருண்டன என்பது அறிஞர் பலர் கூறும் விளக்கம். கையை எடுக்காமல் எழுதியதால் சுழிகள் மிகுந்தன. புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே பெரும்பாலும் எழுதினார்கள். எகரத்தின் குறிலுக்கும் நெடிலுக்கும், ஒகரத்தின் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு காட்டாமல் எழுதினார்கள். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். படிப்பவர் இடம் அறிந்து படித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, ஓலை எழுத்தை ஈயத்துக்குக் கொண்டு வருவது வெறும் படியெடுக்கும் வேலை அன்று. ஒரு கருவியின் குணத்தில் வளர்ந்த எழுத்தை இன்னொரு கருவியின் குணத்துக்கு மாற்றும் வேலை. அதுவும் ஆங்கிலம் போல இருபத்தாறு எழுத்தோடு முடிவதில்லை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். காலையும் கொம்பையும் தனியே வார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். உகர ஊகார வரிசைகளையோ ஒவ்வொன்றாகத்தான் வார்க்க வேண்டும்.

சிறையும் மொழிபெயர்ப்பும்

1708 அக்டோபரில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே இடையூறு வந்தது. கோட்டைத் தளபதி ஹாசியஸுக்கும் அவருக்கும் ஏற்கெனவே ஒத்துப்போகவில்லை. ஓர் ஏழைக் கைம்பெண்ணின் கடன் வழக்கில் சீகன்பால்கு அவளுக்காகப் பரிந்து பேசப்போக, பகை முற்றியது. தளபதி அவரைச் சிறையிலிட்டார். ஏறத்தாழ நான்கு மாதங்கள் கோட்டைச் சிறையில் கிடந்த பின்னரே 1709 மார்ச்சில் வெளிவந்தார். எளிதில் சினம் கொள்பவர், விட்டுக்கொடுக்காதவர் என்ற குறை அவர்மீது உண்டு. அது முற்றிலும் தவறு என்று சொல்ல முடியாது. ஆயினும், எளியவள் ஒருத்திக்காகப் பேசியதே அவர் சிறை செல்லக் காரணமாயிற்று என்பதையும் நாம் மறக்கலாகாது.

விடுதலையான பிறகு பணியைத் தொடர்ந்து 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பை முடித்தார். அவ்வாண்டே புளூச்சோ தாய்நாடு திரும்பினார். 1709இல் வந்து சேர்ந்த கிரண்ட்லர் என்பவர் இறுதிவரை சீகன்பால்குடன் துணை நின்றார்.

கப்பலில் வந்த அச்சுப்பொறி

ஓலையில் ஒரு படி எடுக்கப் பல நாள் ஆகும், கூலியும் மிகுதி. அச்சு இருந்தால் ஒரு தடவை கோத்துப் பல நூறு படிகள் எடுக்கலாம். தமிழுக்கு அச்சு புதிதன்று. 1578இலேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் சிறு நூல் அச்சாகியிருந்தது. அண்டிரிக் அடிகளார் என நாம் அழைக்கும் என்றிகே என்றீக்கசு அதன் ஆசிரியர். 1679இல் அம்பலக்காட்டில் ஒரு தமிழ் போர்த்துகீசிய அகராதியும் அச்சாயிற்று. ஆனால் அதன் பிறகு அந்த மரபு அறுந்துபோய்விட்டது. சீகன்பால்கு காலத்தில் தமிழ் மண்ணில் தமிழ் அச்செழுத்து என்று எதுவும் புழக்கத்தில் இல்லை. எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

இலண்டனில் இருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தார் ஓர் அச்சுப்பொறியையும் ரோமன் எழுத்துகளையும் 1711இல் கப்பலில் அனுப்பி வைத்தார்கள். உடன் ஜோனாஸ் ஃபின்க் என்னும் அச்சுத் தொழிலாளியும் புறப்பட்டார். கப்பல் பிரேசில் நாட்டுக் கரையருகே பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி, பின் மீண்டது. ஃபின்க் வழியிலேயே நோயுற்று இறந்தார். 1712இல் அச்சுப்பொறி மட்டும் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தது. இயக்கத் தெரிந்தவர் இல்லை! கோட்டைப் படையில் இருந்த ஒரு வீரருக்கு அச்சுத்தொழில் தெரியும் என்று கண்டுபிடித்து, அவரைக் கொண்டு முதலில் போர்த்துகீசிய நூல்களை அச்சிட்டார்கள்.

தமிழ் எழுத்துக்கு ஹாலே நகரை நாடினார்கள். தமிழ் எழுத்துகளின் மாதிரிகளை எழுதி அங்கே அனுப்பினார்கள். அவற்றைப் பார்த்து அங்கிருந்த தொழிலாளர்கள் தமிழ் எழுத்துகளைச் செதுக்கி வார்த்தார்கள். அச்செழுத்து வார்ப்பது எளிய வேலை அன்று. முதலில் எஃகுக் கம்பியின் நுனியில் எழுத்தைத் தலைகீழாகச் செதுக்க வேண்டும். அதைச் செம்புத் தகட்டில் அடித்துப் பள்ளமாகப் பதிக்க வேண்டும். அந்தப் பள்ளத்தை அச்சுக்கூட்டில் பொருத்தி, உருக்கிய உலோகத்தை ஊற்ற வேண்டும். ஒரு எழுத்துக்கு இவ்வளவு வேலை. அதையும் தமிழில் ஒரு சொல்லைக்கூடப் படிக்கத் தெரியாதவர்கள், வெறும் கோடும் வளைவுமாகப் பார்த்தே செய்தார்கள். அவர்களுடைய பொறுமையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

1713 ஜூன் மாதம் அந்த எழுத்துகள் ஆட்லர் என்னும் அச்சுத் தொழிலாளருடனும் அவருடைய தம்பியுடனும் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. அவ்வாண்டே தமிழ் அச்சு வேலை தொடங்கியது.

பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்

இங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. ஹாலேயில் வார்த்த எழுத்துகள் மிகப் பெரியவை. புதிய ஏற்பாடு முழுவதையும் அவ்வெழுத்தில் அச்சிட்டால் நூல் பெருத்துவிடும். தாளோ கடல் கடந்து வர வேண்டும். கையிருப்பில் உள்ள தாள் பாதி நூலுக்குக்கூடப் போதாது.

தூர தேசத்தில் அமர்ந்து எழுத்தைச் செதுக்கியவர்களுக்கு இது எப்படித் தெரியும்? எழுத்தின் உருவம் அவர்களுக்குத் தெரிந்தது. அந்த எழுத்து எந்தத் தாளில், எத்தனை பக்கத்தில், யார் கையில் போய்ச் சேரப் போகிறது என்பது தெரியவில்லை. அதைத் தெரிந்தவர்கள் தரங்கம்பாடியில் இருந்தார்கள். ஆகவே ஆட்லர் அங்கேயே சிறிய அளவில் புதிய தமிழ் எழுத்துகளைச் செய்ய முற்பட்டார். உலோகத்துக்குத் தட்டுப்பாடு. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைச் சுற்றியிருந்த ஈயத் தகடுகளையும் உருக்கி எழுத்து வார்த்தார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இதைப் படித்தபோது என் தந்தையின் ஹார்லிக்ஸ் பாட்டிலை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். தின்பண்ட உறையிலிருந்து பிறந்த எழுத்து, மூன்று நூற்றாண்டு கழித்து எங்கள் வீட்டில் தின்பண்டப் பாட்டிலுக்குள்ளேயே போய் அடைக்கலம் புகுந்திருக்கிறது!

அருகிலிருந்த பொறையாற்றில் எழுத்து வார்ப்புப் பட்டறை அமைந்தது. தாள் செய்யும் ஆலை ஒன்றும் தொடங்கப்பட்டது. கடுதாசிப்பட்டறை என்னும் இடப்பெயர் அதன் நினைவாக நிலைத்தது. சிறிய எழுத்தில் வேலை நடந்தது. நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் வெளிவந்தன. 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் நிறைவுற்றது.

இச்செய்தியைத் தந்தையாரிடம் சொன்னேன். எழுத்தைச் சிறிதாக்குவது அவ்வளவு சுலபமா என்று அவர் கேட்டார். தமிழில் சுழி மிகுதி, எழுத்து சிறுத்தால் சுழிக்குள் மை புகுந்து அடைத்துக்கொள்ளும், ‘ண’கரமும் ‘ன’கரமும் ஒன்றுபோலத் தோன்றும், பழைய எழுத்தாக இருந்தால் கேட்கவே வேண்டாம், புரூப் திருத்துபவர் கண்ணில் நீர் வந்துவிடும் என்றார். ஆகவே சிறிய தமிழ் எழுத்தை வார்ப்பவன் சுழியின் உள்ளிடத்தைத் தாராளமாக விட வேண்டும், கோட்டை மெலிய வைக்க வேண்டும், ஆனால் மெலிந்த கோடு அழுத்தத்தில் உடையவும் கூடாது. இத்தனையும் அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. விரலால் படித்தவை.

அப்படியானால் பெரிய எழுத்து பயனற்றதா என்று கேட்டேன். அவர் மறுத்தார். என் பாட்டியார் வைத்திருந்த ஒரு புத்தகத்தை நினைவூட்டினார். அதன் அட்டையிலேயே ‘பெரிய எழுத்து’ என்று போட்டிருக்கும். விக்கிரமாதித்தன் கதை, அல்லி அரசாணி மாலை முதலியவை இப்படிப் பெரிய எழுத்தில் அச்சாகிக் கோயில் வாசல்களிலும் சந்தைகளிலும் விற்றன. முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டிக் கற்ற என் பாட்டியார், மாலையில் விளக்கடியில் அமர்ந்து, விரலை வரியின் மேல் நகர்த்தி அதைப் படிப்பார். சிறிய எழுத்தில் இருந்திருந்தால் அவர் படித்தே இருக்க மாட்டார்.

அப்போதுதான் எனக்கு ஓர் உண்மை விளங்கியது. எழுத்தில் நல்ல எழுத்து, கெட்ட எழுத்து என்று தனியாக ஒன்றும் இல்லை. யார் படிக்கிறார், எந்த வெளிச்சத்தில் படிக்கிறார், எவ்வளவு காசு கொடுத்து வாங்க முடியும் என்பதை அறிந்து செய்த எழுத்தே நல்ல எழுத்து. ஹாலே எழுத்தில் கைத்திறனுக்குக் குறைவில்லை. படிப்பவரைப் பற்றிய அறிவே குறைவு. அதே பெரிய எழுத்துகள் 1716இல் ஹாலேயில் அச்சான சீகன்பால்குவின் தமிழ் இலக்கண நூலுக்குப் பொருத்தமாகப் பயன்பட்டன. இலத்தீன் மொழியில் அமைந்த அந்நூல் தமிழைப் புதிதாகக் கற்கும் ஐரோப்பியருக்கானது. முதன்முதலாக ஓர் எழுத்தைப் பார்ப்பவருக்கு அது பெரிதாக இருப்பதே நல்லது அல்லவா?

அச்சேறாத நூல்

அச்சு கையில் இருந்தும் சீகன்பால்குவின் எல்லா நூல்களும் அச்சேறவில்லை. 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். சிவன், திருமால் முதலிய பெருந்தெய்வங்களோடு ஐயனார், மாரியம்மன், எல்லம்மன், அங்காளம்மன், பிடாரி முதலிய ஊர்த்தெய்வங்களையும் அதில் விரிவாக எழுதினார். திருவேற்காட்டில் பிறந்தவனுக்கு இதைப் படித்ததும் வியப்பு மேலிடாமல் இருக்குமா? எங்கள் தெருக்கோடி அம்மனுக்குக் கூழ் வார்ப்பதைப் போன்ற வழிபாடுகளை, மூன்று நூற்றாண்டுக்கு முன்பே ஒரு ஜெர்மானியர் கேட்டறிந்து எழுதி வைத்திருக்கிறார்.

அவர் நோக்கம் அவற்றைப் போற்றுவது அன்று. தம் சமயத்தைப் பரப்புவதே. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், மறுக்க வந்த ஒன்றையும் முதலில் முழுதும் அறிந்துகொள்ள வேண்டும் என்ற நேர்மை அவரிடம் இருந்தது. அந்த நேர்மையை அவருடைய ஆசான் பிராங்கேயால் புரிந்துகொள்ள முடியவில்லை. அத்தெய்வங்களை ஒழிக்கச் சென்றவர் அவற்றைப் பற்றிய செய்தியை ஐரோப்பாவில் பரப்புவதா என்று கூறி, நூலை அச்சிட மறுத்துவிட்டார். கையெழுத்துப் படியாகவே கிடந்த அந்நூல் 1867இல்தான் சென்னையில் ஜெர்மன் மொழியிலேயே அச்சாயிற்று. எழுதியவர் மறைந்து அப்போது 148 ஆண்டுகள் ஆகிவிட்டன. எது அச்சேற வேண்டும், எது அச்சேறக் கூடாது என்று முடிவு செய்யும் அதிகாரம் எழுதியவரிடமும் இல்லை, எழுத்து கோத்தவரிடமும் இல்லை என்பதற்கு இது ஒரு சான்று.

இறுதி நாள்கள்

1714 இறுதியில் ஐரோப்பா சென்ற சீகன்பால்கு, அங்கே மரியா டொரத்தேயா என்னும் பெண்மணியை மணந்தார். இலண்டனில் மன்னர் முதலாம் ஜார்ஜைக் கண்டார். 1716 ஆகஸ்டில் சென்னையில் வந்திறங்கித் தரங்கம்பாடி சேர்ந்தார். புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி 1718இல் திறந்தார். பழைய ஏற்பாட்டை ரூத் ஆகமம் வரை பெயர்த்து முடித்திருந்தார்.

ஆனால் அவருடைய கடைசி ஆண்டுகள் மகிழ்ச்சியாகக் கழியவில்லை. கோபன்ஹேகனிலிருந்து மிஷன் பணியை மேற்பார்த்த வெண்ட் என்பவர், கட்டடம் ஏன், செலவு ஏன் என்று கடுமையாகக் குறை கூறிக் கடிதம் எழுதினார். தரங்கம்பாடியின் வெயிலையும் தேவையையும் அறியாத ஒருவர் தொலைவிலிருந்து எழுதிய கடிதம் அது. ஏற்கெனவே நோயுற்றிருந்த உள்ளத்தை அது மேலும் வருத்தியது. 1719 பிப்ரவரி 23ஆம் நாள் தம் முப்பத்தாறாம் வயதில் சீகன்பால்கு காலமானார். தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவருக்குப் பின்

அவர் மறைந்தாலும் அச்சுப்பொறி ஓயவில்லை. 1738இல் வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் அதே தரங்கம்பாடி அச்சகத்தில்தான் வெளிவந்தது. கத்தோலிக்கரான அவருக்கும் தரங்கம்பாடியாருக்கும் சமயப் பூசல் இருந்தது. ஆயினும் தமிழ் இலக்கணம் என்றதும் அந்தப் பூசல் அச்சுக்குத் தடையாகவில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு தெரிய எழுதும் முறையை வகுத்தவர் வீரமாமுனிவர் என்பதை நாம் அறிவோம்.

1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது அங்கிருந்த அச்சுப்பொறி சென்னைக்குக் கொண்டுவரப்பட்டது. வேப்பேரியில் இருந்த பப்ரீசியஸ் ஐயரிடம் அது ஒப்படைக்கப்பட்டது. 1779இல் அவருடைய தமிழ் ஆங்கில அகராதி அங்கே அச்சாயிற்று. எங்கள் ஊரிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே சென்றால் வருவதுதான் அந்த வேப்பேரி. நான் எத்தனையோ முறை பேருந்தில் அவ்வழியே சென்றிருக்கிறேன். இப்போதுதான் சன்னலுக்கு வெளியே பார்க்கிறேன்.

1835இல் இந்தியர் தடையின்றி அச்சகம் நடத்தும் உரிமை கிடைத்தது. அதன் பிறகு ஆறுமுக நாவலர் 1849இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவினார். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். பெரியார் 1935இல் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. ‘ணா’, ‘றா’, ‘னா’ ஆகியவற்றின் வளைந்த உருவங்களும், ‘லை’, ‘ளை’ முதலியவற்றின் துதிக்கை போன்ற கொம்பும் பாடநூல்களிலிருந்து விடைபெற்றன. அவ்வெழுத்துகளுள் ஒன்று எங்கள் பாட்டிலில் இருக்கிறது. தந்தையார் வேலைக்குச் சேர்ந்தபோதே அது பழைய எழுத்தாம். யாரும் எடுக்காத அறையில் கிடந்ததாம்.

முடிவாக

தந்தையார் கேட்ட கேள்விக்கு நான் கண்ட விடை இதுதான். ‘ண’கரத்தின் சுழியை முடிவு செய்தவர் ஒருவர் அல்லர். ஓலையில் கீறிய எண்ணற்ற கைகள் அதற்கு உருவம் கொடுத்தன. மணலில் எழுதக் கற்ற ஒருவர் அதைக் கடல் கடந்து அனுப்பினார். பொருள் தெரியாதவர்கள் அதை உலோகத்தில் செதுக்கினார்கள். படிப்பவரை அறிந்தவர்கள் அதை அளவாகத் திருத்தினார்கள். சீகன்பால்குவின் பெருமை எழுத்தைக் கண்டுபிடித்ததில் இல்லை. தமக்குத் தெரியாத மொழியின் முன் மாணவராக உட்கார்ந்ததிலும், வந்த எழுத்து பொருந்தவில்லை என்று கண்டதும் அதை இங்கேயே திருத்தச் செய்ததிலும் இருக்கிறது.

நான் இதைச் சொல்லி முடித்ததும் தந்தையார் ஒன்றும் பேசவில்லை. பாட்டிலைக் கவிழ்த்து, எழுத்துகளை மேசையில் பரப்பி, என் பெயருக்கு வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வலமிடமாக அடுக்கினார். ஓர் எழுத்து குறைந்தது. அந்த இடத்தில் ஒரு வெற்று ஈயத் துண்டை வைத்தார். கண்ணாடியில் காட்டிப் படித்துப் பார் என்றார். படித்தேன். ஈயத்தில் என் பெயரைக் கண்டது அதுவே முதல் முறை.

இம்மலரில் எழுதிய மாணவர்களின் பெயர்கள் அச்சாகும். எழுத்தைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, தாளில் பதித்துத் தருகிறவர்களின் பெயர்கள் பெரும்பாலும் அச்சாவதில்லை. படித்து முடித்த பின், நண்பர்களே, ஒரு நிமிடம் இந்தப் பக்கத்தின் எழுத்தையும் பாருங்கள்.